ஒற்றை நாற்காலிக்கான சினிமா

சென்ற இதழில் ஹோம் தியேட்டர் பற்றி வந்திருந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பாங்க்கில், மதியச் சாப்பாட்டு இடைவேளையில். இரண்டாம் முறை இரவில், கையில் பென்சிலோடு. கட்டுரையாளர் சொல்வதன் சாரம் இது: தியேட்டர்கள் பாப்கார்ன் கடைகளாகிவிட்டன, பிலிம் சொஸைட்டிகள் செத்துவிட்டன, கலையாக எடுக்கப்பட்ட சினிமாவுக்கு இனி எஞ்சியுள்ள ஒரே புகலிடம் விஞ்ஞான பூர்வமாகத் திட்டமிட்டு அமைக்கப்பட்ட தனி அறைதான். இதற்கு உதாரணமாக, நம் எல்லோருக்கும் நண்பரான ஒருவர் கணபதியில் தம் வீட்டு மாடியில் கட்டியிருக்கும் அறையை விவரிக்கிறார். கடைசிப் பாராவில், போகிற போக்கில் ஒரு யோசனை: வாடகை ஹாலில் நாம் நடத்திவரும் மாதாந்திரத் திரையிடலை இனி அந்த அறைக்கே மாற்றிக்கொண்டால் என்ன? கட்டுரை முழுவதும் இந்தக் கடைசிப் பாராவுக்காகவே எழுதப்பட்டது என்பது என் சந்தேகம்.

இந்த யோசனையை நான் எதிர்க்கிறேன். எதிர்ப்பதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். அந்த நண்பர் இப்பத்திரிகையின் காகிதச் செலவில் பாதியை ஏற்றுவருபவர். இதைப் படித்துவிட்டு அடுத்த இதழுக்கும் காகிதம் அனுப்புவார் என்றே நம்புகிறேன். அனுப்பாவிட்டால் பழி என் தலையில் விழட்டும். இரண்டாவது, பொறாமை. நான் இருப்பது ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீடு. பெர்க்மனை லாப்டாப்பிலும், ப்ரெஸ்ஸானைக் காந்திபுரம் போகும் டவுன் பஸ்ஸில் செல்போனிலும் பார்த்தவன். பொறாமை இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். பொறாமைக்காரன் போட்ட கணக்கும் சரியாக இருக்கலாம்.

கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அறை கட்டுவதற்கு முன் நண்பர் என்னிடம் கொட்டேஷனைக் காட்டினார். ரசிகன் என்பதற்காக அல்ல, பாங்க்காரன், கூட்டல் சரியா என்று பார்த்துச் சொல்வான் என்பதற்காக. (இலக்கிய நண்பர்கள் என் உத்தியோகத்துக்குத் தரும் மரியாதை இவ்வளவுதான்.) கூட்டல் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து பக்கத்தையும் வேறு விதமாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். படத்துக்கு ஆகும் செலவு ஒரு பக்கம்: புரொஜெக்டர், 120 அங்குலத் திரை. சப்தத்துக்கு ஆகும் செலவு ஒரு பக்கம்: காது மட்டத்தில் ஏழு ஸ்பீக்கர்கள், கூரையில் நாலு, ஒரு சப்வூஃபர், இவற்றை ஓட்டும் ரிஸீவரும் ஆம்ப்ளிஃபையர்களும். இந்த இரண்டில் ஒவ்வொன்றையும் விடப் பெரிய தொகையாக நின்றது மூன்றாவது: நிசப்தத்துக்கான செலவு.

நிசப்தம் இலவசம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சப்தம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை நம்மூரில் இன்னும் இருக்கிறது. முட்டை அட்டையும் ஸ்பாஞ்சும் உள்ளே கிளம்பும் எதிரொலியைக் கொஞ்சம் மழுக்கும். வெளிச் சப்தத்தைத் தடுக்க அவற்றால் ஆகாது. தடுப்பதற்கு எடை வேண்டும், காற்றுப் புகாத அடைப்பு வேண்டும், சுவரும் சுவரும் தொடாத இடைவெளி வேண்டும். ஆகவே அறைக்குள் ஓர் அறை. செங்கல் சுவரைத் தொடாமல் தனிச் சட்டம், சட்டத்துக்குள் ராக்வுல், அதன் மேல் இரட்டை ஜிப்சம் போர்டு, ரப்பர் விளிம்பு வைத்த கனத்த கதவு. கதவடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் இத்தனையும் வீண். ஏ.ஸி. காற்று வரும் குழாய்க்கு உள்ளே கூட, இரைச்சல் வராதபடி பஞ்சு ஒட்ட வேண்டும்.

வெளியே அப்படி என்ன சப்தம்? கணபதியில் இருப்பவர்களுக்குத் தெரியும். லேத் பட்டறைகள். நண்பருடைய பட்டறையே இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. பம்ப்செட் உதிரி பாகங்கள் கடையும் அந்தச் சப்தத்தில் சம்பாதித்ததில் ஒரு பங்கு, அந்தச் சப்தம் கேட்காமலிருப்பதற்குச் செலவாகியிருக்கிறது. இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறவனுக்கும் இதே ஆசைதான் இருக்கும்.

அந்த அறையில் நாலு தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது கற்றுக்கொண்டுதான் வந்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. படம் பார்ப்பதைப் பற்றிப் பதினைந்து வருஷமாகப் பேசிவரும் நாம், படம் எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றிப் பேசியதே இல்லை. வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் உள்ள அறையில் கறுப்பு என்று ஒன்று கிடையாது. திரையிலிருந்து கிளம்பும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பித் திரைக்கே வந்து, படத்தில் இருளாக இருக்க வேண்டியதைச் சாம்பலாக்கிவிடுகிறது. நண்பரின் அறையில் சுவர், கூரை, தரைவிரிப்பு எல்லாம் பளபளப்பில்லாத அடர்ந்த நிறம். திரையின் அகலம் பார்ப்பவன் கண்ணில் ஏறத்தாழ 40 டிகிரி கோணத்தை அடைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. 120 அங்குலத் திரைக்கு அது பன்னிரண்டு அடித் தூரம். முன்வரிசை அங்கேதான் போடப்பட்டிருக்கிறது.

சப்தத்தின் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. ஓர் அறையின் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கீழ் ஸ்தாயியைத் தனதாக்கிக்கொண்டு அதை மட்டும் ஊதிப் பெருக்கும். 20 அடி நீளத்துக்கு அது சுமார் 28 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பான 56-ம் சேர்ந்து வரும். நண்பர் முதலில் 10 அடி உயரம் வைத்திருந்தார். 10 அடிக்கு உரியதும் 56 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அறை முழுக்கக் குடம் உருட்டியது போல ஒரு முழக்கம். கூரையை ஓர் அடி இறக்கிய பிறகே அடங்கிற்று. நீளம் உயரத்தின் மடங்காக இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் பால பாடமாம்.

ஆக, நம் ஹாலின் லட்சணத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர், ஜன்னலில் போர்வை, ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட புரொஜெக்டர். வசனத்தின் பின்பாதி சுவரில் முட்டித் திரும்பி அடுத்த வசனத்தின் முன்பாதியின் மேல் வந்து விழும். இதை எளிமை என்றும் மக்கள் கலை என்றும் கொண்டாடுபவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடு எனக்குச் சம்பந்தமில்லை. மோசமான திரையிடல் மோசமான திரையிடல்தான்.

என் பிரச்னை வேறு. அந்த அறையில் எட்டு நாற்காலிகள் இருக்கின்றன. சாய்ந்தால் கால் நீட்டிக்கொள்ளும் ரெக்லைனர்கள். முன்னால் நாலு, ஓர் அடி உயர்த்திய மேடையில் பின்னால் நாலு. மூன்றாவது தடவை போயிருந்தபோது பின்வரிசை மூலையில் உட்கார்ந்திருந்தேன். சப்வூஃபரின் சப்தம் வயிற்றைப் பிசைந்தது. முன்னால் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்றுமில்லை. நண்பரிடம் கேட்டேன். அவர் ஒளிவுமறைவு இல்லாதவர்.

“பின்சுவத்துப் பக்கம் பேஸ் ஏறத்தாங்க தம்பி செய்யும். ஒண்ணும் பண்ண முடியாது. மைக்க வெச்சு அளந்தது முன்னாடி நடு சீட்டுக்கு.”

இந்த வாக்கியத்தை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். சப்தத்தைச் சீர் செய்யும்போது ஒரு சிறு மைக்கை நாற்காலியில் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் அது எத்தனை அடி, எத்தனை டெசிபல் என்று எந்திரம் அளந்துகொள்கிறது. பிறகு நாலைந்து இடங்களில் மைக்கை மாற்றி வைத்தாலும், தூரமும் அளவும் தீர்மானமாவது முதல் இடத்தை வைத்துத்தான். அந்த முதல் இடம் ஒரு நாற்காலி. மற்ற ஏழும் மரியாதைக்குப் போடப்பட்டவை. இத்தனை லட்ச ரூபாய்ச் செலவில், இத்தனை பௌதிக சாஸ்திரத்தோடு நிர்மாணிக்கப்பட்ட அறை ஒரே ஒரு மனிதனின் இரண்டு காதுகளுக்காக இருக்கிறது.

கட்டுரையாளர் இதையே வேறு வார்த்தையில், பெருமையாகச் சொல்கிறார்: ‘உன்னதமான ரசிகனுக்கான உன்னதமான சூழல்’. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் விமர்சனம் பல வருஷமாகக் கட்டிவந்த அறையும் இதே அமைப்புதான். ஸஹ்ருதயன், தேர்ந்த வாசகன், லட்சிய வாசகன் என்று காலத்துக்கு ஒரு பெயரில் நாம் ஒரு நாற்காலியைப் போட்டு, அதற்கு மட்டும் மைக் வைத்து அளந்துகொண்டிருந்தோம். படைப்பு அந்த நாற்காலிக்குக் கேட்டால் போதும். மூலையில் உட்கார்ந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டால் அது அவன் ரசனையின் குறை. நானும் இப்படி எழுதியிருக்கிறேன். பழைய இதழ்களைப் புரட்டுபவர்கள் வரி வரியாக எடுத்துக் காட்டலாம். ஒரு கருத்து செங்கல்லும் ராக்வுல்லுமாக எதிரில் எழுந்து நிற்கும்போதுதான் அதன் அளவு தெரிகிறது.

நாலாவது தடவை போனது பதேர் பாஞ்சாலிக்காக. 1955-ல் வந்த இந்தப் படத்தின் மூல நெகடிவ் 1993-ல் லண்டனில் ஒரு லாபரட்டரி தீப்பிடித்தபோது கருகிற்று. கருகியதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, இத்தாலியில் பொலோன்யாவில் கையால் செப்பனிட்டு, தேறாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளிலிருந்து எடுத்துச் சேர்த்து, 2015-ல் புதிதாக வெளியிட்டார்கள். அந்தப் பிரதியை அந்தத் திரையில் பார்க்கக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்பதில் சந்தேகமில்லை. குளத்து நீரின் மேல் ஓடும் பூச்சிகளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று சொல்ல வேண்டும்.

பார்க்கவும் விடவில்லை. பூச்சிகள் வந்தவுடன் படம் நின்றது. நண்பர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்பையும் சாம்பலையும் கவனிக்கச் சொன்னார். ஏழு பேரும் கவனித்தோம். பிறகு ஓடிற்று. திரையின் இரு பக்கமும் ஒவ்வோர் அடிக்குக் கறுப்பாகவே இருப்பதைப் பார்த்து, அவர் உறவினர் ஒருவர் படம் ஏன் திரை முழுக்க வரவில்லை என்று கேட்டார். மறுபடி நின்றது. பழைய படங்களின் சட்டம் ஏறக்குறையச் சதுரம் என்று நண்பர் விளக்கினார், சரியாகவே விளக்கினார். காபி வந்தபோது மூன்றாம் தடவை.

துர்கா செத்துப்போன பிறகு ஊர் திரும்பும் ஹரிஹர், விஷயம் தெரியாமல், வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். மகளுக்கு வாங்கிய புடவையைக் கொடுக்கும்போது சர்வஜயா உடைகிறாள். அவள் கதறல் நமக்குக் கேட்பதில்லை. ராய் அந்தக் குரலை எடுத்துவிட்டு அதன் இடத்தில் தார் ஷெனாயின் உச்ச ஸ்தாயியை வைத்தார். அது காதைக் கிழிக்கும், கிழிக்க வேண்டும். நண்பர் சப்தத்தை நாலு புள்ளி குறைத்தார். குறைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, நிஜமான சங்கடத்தோடு சொன்னார்:

“தப்பா நெனச்சுக்காதீங்க. இது மோனோ படமுங்க. நடு ஸ்பீக்கர் ஒண்ணுதான் பாடும்.”

பதினொரு ஸ்பீக்கர்களில் பத்து ஊமையாக இருப்பதற்கு ராயின் சார்பில் அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். படம் முடிந்ததும் அந்தக் குறையை நிவர்த்தி செய்யும் விதமாக, ஜெட் விமானங்கள் தலைக்கு மேல் பறக்கும் ஒரு படத்திலிருந்து பத்து நிமிஷம் போட்டுக் காட்டினார். விமானம் பின்னாலிருந்து கிளம்பிக் கூரை வழியாக முன்னால் போயிற்று. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். நானும்தான். உறவினர் கை தட்டினார்.

நண்பரைப் பரிகசிப்பதற்காக இதை எழுதவில்லை. அவர் ராயை நேசிப்பவர். என்னைவிட அதிகம் பார்த்தவர். ஆனால் அந்த அறை அவரைவிட பலசாலி. பதினொரு ஸ்பீக்கர் உள்ள அறைக்குத் தானாக ஒரு ரசனை உண்டு. தன் எல்லா உறுப்புகளுக்கும் வேலை கொடுக்கும் படத்தை அது விரும்பும், கொடுக்காத படத்துக்காக வெட்கப்படும். பழைய படங்களை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரித்து விற்கும் வியாபாரம் இந்த வெட்கத்தின் மேல்தான் நடக்கிறது. 1979-ல் ஒற்றைத் தட ஒலியில் வந்த தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’ டி.வி.டி.யாக வந்தபோது, அப்படிப் பிரித்ததோடு நில்லாமல், அவர் வைக்காத சப்தங்களையும் சேர்த்தார்கள். மௌனத்தை நம்பிப் படம் எடுத்தவனுக்கு இந்தக் கதி.

அப்புறம் ரிமோட். சினிமா நம்மிடமிருந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு மணி நேரம் உன் காலத்தை என்னிடம் கொடு. நாவலைக் கீழே வைக்கலாம், ஓவியத்தை விட்டு நகரலாம், சினிமாவின் காலம் மட்டும் அதன் கையில் இருந்தது. அதை வாங்கிக்கொண்டவன் பார்வையாளன் ஸ்தானத்திலிருந்து எஜமான் ஸ்தானத்துக்குப் போய்விடுகிறான். என் லாப்டாப்பிலும் இதே பொத்தான் உண்டு என்று சொல்வீர்கள். உண்டு. அதனால்தான் நான் லாப்டாப்பில் பார்த்ததைச் சினிமா பார்த்ததாகச் சொல்லிக்கொள்வதில்லை, படித்துவைத்தேன் என்பேன்.

‘பிலிம் சொஸைட்டி இயக்கத்தின் வாரிசு ஹோம் தியேட்டர்’ என்கிறார் கட்டுரையாளர். வம்சாவளி தவறு. 1894 ஏப்ரலில் நியூயார்க்கில் எடிசனின் எந்திரங்கள் பத்தை ஒரு கடையில் வரிசையாக நிறுத்தினார்கள். காசு கொடுத்து ஒருவர் குனிந்து ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டும். ஒரு ஓட்டை, ஒரு ஆள். அதைச் சினிமாவின் பிறப்பு என்று யாரும் கொண்டாடுவதில்லை. கொண்டாடுவது 1895 டிசம்பர் 28-ஐ. அன்று பாரிஸில் ஒரு காபிக் கடையின் கீழறையில் லூமியேர் சகோதரர்கள் படத்தைத் திரையில் வீசினார்கள். ஒரு பிராங்க் கொடுத்து வந்தவர்கள் முப்பத்துமூன்று பேர். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் ஒரே இருட்டில் உட்கார்ந்தார்கள் என்பதுதான் இந்தத் தேதிக்கு உள்ள விசேஷம்.

நம் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்வோம். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஊர் ஊராகப் படம் காட்டிவந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் பிலிம்களையும் விலைக்கு வாங்கினார். ரயில்வே சம்பளக்காரனுக்கு அது சாமான்யப் பணமில்லை. வாங்கியவர் அதை வீட்டு மாடியில் வைத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு தேசம் முழுக்க அலைந்தார். பிறகு கோயமுத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். வியாபாரம்தான், தர்மம் அல்ல. ஆனாலும் கூடாரத்தில் டிக்கட் வாங்கியவன் எவனும் வின்சென்டின் நண்பனாக இருக்க வேண்டியிருக்கவில்லை.

1947-ல் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் கல்கத்தா பிலிம் சொஸைட்டியை ஆரம்பித்ததும், 1984-ல் கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ஒடேஸா என்ற குழுவாகக் கூடி, ஊர் ஊராகப் படம் காட்டி ஜனங்களிடம் பணம் திரட்டி 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்ததும் இந்த வழியில் வருபவை. ஹோம் தியேட்டரின் முன்னோர் வேறு இடத்தில் இருக்கிறார்கள். ஹாலிவுட் முதலாளிகளின் வீட்டுத் திரையறைகள் ஒன்று. இன்னொன்று, 1930-களில் க்ரெம்ளினுக்குள் ஸ்டாலினுக்காக அமைக்கப்பட்டது. அளவான நாற்காலிகள், நள்ளிரவுக் காட்சிகள். நடுவில் உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்து அவர் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்த சினிமாத் துறைத் தலைவர் ஷும்யாட்ஸ்கி 1938-ல் சுடப்பட்டார். ஐஸன்ஸ்டைனின் ‘இவான்’ இரண்டாம் பாகம் 1946-ல் அந்த ஒருவருக்குப் பிடிக்காமல் போனதால் 1958 வரை வெளிவரவில்லை. நண்பரை ஸ்டாலினாக்கிவிட்டேன் என்று யாராவது கடிதம் எழுதப் போகிறார்கள். எழுதட்டும். எட்டுப் பேருக்கும் காபி கொடுத்து, கீழே வாசல்வரை வந்து வழியனுப்பும் மனிதர் அவர். நான் சொல்வது நாற்காலியின் அமைப்பை. நல்லவர் உட்கார்ந்தால் நல்ல சர்வாதிகாரம், அவ்வளவுதான்.

இதற்குக் கட்டுரையாளர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். நம் பத்திரிகையே முந்நூறு பிரதி. அதை எழுதுபவர்களும் படிப்பவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள். இதுவும் எட்டு நாற்காலி அறைதானே? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. சுலபமான பதில் என்னிடம் இல்லை. நாமும் சப்தம் புகாத சுவர்கள் கட்டியிருக்கிறோம், அதைத் தீவிரம் என்று அழைத்திருக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தபாலில் போட்ட பத்திரிகையின் மேல் நமக்கு அதிகாரம் இல்லை. திருச்சியில் பழைய புஸ்தகக் கடையில் இப்பத்திரிகையின் நாலு வருஷத்துக்கு முந்தைய இதழ் ஒன்றை ஐந்து ரூபாய்க்கு வாங்கியவன் நான். அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். என்னை யாரும் அழைக்கவில்லை. நண்பரின் அறைக்குப் போக அவருடைய செல்போன் நம்பர் தெரிந்திருக்க வேண்டும். அவர் வீட்டு நாய்க்கு நம்மைத் தெரிந்திருக்க வேண்டும்.

பதேர் பாஞ்சாலியை இரண்டு வருஷத்துக்கு முன் நம் ஹாலிலும் காட்டினோம். அன்று முப்பத்தோரு பேர். பிரதி மங்கல், சப்தம் கரகரப்பு. ஹாலைப் பெருக்கிச் சாவி வைத்துக்கொண்டிருக்கும் அம்மாள், எப்போது முடியும், பூட்டிவிட்டுப் போகலாம் என்று கதவருகே நின்றுகொண்டிருந்தார். ஹரிஹர் சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பித்தான். முதலில் ஏதோ பாத்திரம் பண்டம். அப்போதே அந்த அம்மாள், இருட்டில், எல்லோருக்கும் கேட்கும்படி, “அய்யோ, அந்தப் புள்ளைக்கும் ஏதாச்சும் வாங்கியாந்திருப்பானே” என்றார். புடவை இன்னும் வெளியே வரவில்லை. அவருக்கு வங்காளி தெரியாது, கீழே ஓடிய இங்கிலீஷும் தெரியாது. ‘உஷ்’ என்றவன் நான்தான். என்ன சொன்னார் என்பது மனசில் இறங்குவதற்குள் திரையில் புடவை வந்துவிட்டது. அந்தக் காட்சியை அதற்கு முன் நாலைந்து தடவை பார்த்திருந்த நான், புடவைக்கு முன்னால் வரும் அந்த அரை நிமிஷத்துக்கு அன்றுதான் பயந்தேன். என்ன நடக்கப் போகிறது என்பது எனக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது. தெரிந்திருப்பதும் பயப்படுவதும் ஒன்றில்லை.

இந்த அம்மாளைப் பாமர ஞானத்தின் சின்னமாக்கிக் கட்டுரையை முடிக்கும் உத்தேசம் எனக்கில்லை. அடுத்த மாதம் ப்ரெஸ்ஸான் படத்துக்குப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு, “இவனுக ஏன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கானுக” என்று கேட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அவர் சொன்னது உபயோகமில்லாத விமர்சனம், அதற்கு முந்தைய மாதம் சொன்னது எனக்குத் தெரிந்த மிக நல்ல விமர்சனம். இரண்டும் வருவதற்கு ஒரு கதவு திறந்திருந்தது. ரப்பர் விளிம்பு வைத்த கதவில் இந்தக் குரல் நுழையாது. நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ரப்பர்.

திரையிடல் ஹாலிலேயே தொடரட்டும். ஆனால் இப்போது இருக்கிற நிலையில் அல்ல. நண்பரின் அறையில் நான் கற்றதில் பாதிக்குப் பெரிய செலவில்லை. திரையைச் சுற்றிலும், பக்கச் சுவரில் முன்பகுதிக்கும், மேலேயும் கறுப்புக் காடாத் துணி கட்டினால் படத்துக்கு இருட்டு கிடைக்கும். ரீப்பர் கட்டையில் இரண்டுக்கு நாலு அடிச் சட்டங்கள் அடித்து, நாலு அங்குலக் கனத்துக்குக் கிளாஸ்வுல் அடைத்து, மேலே துணி போர்த்திச் சுவரில் ஒரு பத்து மாட்டினால், வசனத்தை வசனம் மிதிப்பது குறையும். கிளாஸ்வுல் கையில் அரிக்கும், உறை போட்டுக்கொள்ள வேண்டும். தரையில் வைத்திருக்கும் ஸ்பீக்கரைக் காது உயரத்துக்குத் தூக்க இரண்டு ஸ்டூல் போதும். ஒரே நாற்காலிக்கு அளக்காமல், நாலு மூலையிலும் நடுவிலும் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஒரு சமாதானத்துக்கு வருவோம். யாருக்கும் நூற்றுக்கு நூறு கிடைக்காது.

திருப்பூரிலிருந்து வரும் தையற்கார நண்பர் துணியைத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசி பஸ்ஸைப் பிடிக்க எப்போதும் படம் முடியுமுன் எழுந்து போகிறவர் அவர். அவருக்காக இனி ஆறு மணிக்கு என்பதை ஐந்தரை என்று மாற்றிக்கொள்ளலாம். கணபதி நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் புரொஜெக்டரையும் அந்தப் பதேர் பாஞ்சாலி டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இறக்கி ஏற்ற நாங்கள் இரண்டு பேர் வருகிறோம். ரிமோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பட்டனை அழுத்தி ஆரம்பித்துவிட்டால் போதும். சாமான்களைச் சனிக்கிழமை சாயங்காலமே ஹாலில் கொண்டுவந்து வைத்துவிடலாம். சாவி அந்த அம்மாளிடம்தான் இருக்கிறது. ஏழு மணிக்கு முன் போனால் வாங்கிக்கொள்ளலாம்.